போலி வெளியீடு

இரவு பதினொன்றேகால். லியெபாயாவில் பிப்ரவரி.
காற்று பிறக்கிற ஊர் என்று இதைச் சொல்வார்கள்.
பிறந்ததெல்லாம் என் ஜன்னலில் வந்துதான் வீறிடுகிறது.
அது கேட்கிறது.
மேசைமேல் மடிக்கணினி வாயசைக்கிறது;
அதுதான் கேட்கவில்லை.

நேற்று, புதுப்பிக்க நானூற்றுப் பன்னிரண்டு உள்ளன என்றது.
சரி என்றேன்.
சரி என்று சொல்லிக் கெட்டவற்றின் பட்டியலில்
முதல் கல்யாணத்துக்கு அடுத்த வரியில்
இதையும் எழுதிக்கொள்ளலாம்.

காலை ஒன்பதுக்குள் ஒரு விசாரணையின் ஒலிப்பதிவை
எழுத்தாக்கி நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டும்.
வாதி: ஸ்கைத்ரீத்தே ஔஸா, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்.
பிரதிவாதி: அடுத்த வீட்டு நாயின் உரிமையாளர்.
புகார்: சத்தம்.

கோப்பைத் திறந்தால் பச்சைக் கோடுகள்
எம்பி எம்பி மஞ்சளைத் தொடுகின்றன.
யாரோ கோபமாக இருக்கிறார்கள், அது தெரிகிறது.
மீன்தொட்டிக்குள் நடக்கிற சண்டை.

அமைப்புகளுக்குள் போனேன்.
வெளியீட்டுக் கருவி என்ற இடத்தில் ஒரே பெயர்:
போலி வெளியீடு.
இத்தனை நேர்மையாக யாரும் என்னிடம்
தன்னை அறிமுகம் செய்துகொண்டதில்லை.
வாதி, பிரதிவாதி, நீதிபதியின் இருமல்
எல்லாம் அதற்குள் போகிறது.
வாங்கி வாங்கி
எங்கேயும் வைக்காமல் நிற்கிறது அது.

லினக்ஸ் போட்டுக்கொடுத்த கொழுந்தன் இல்க்வார்ஸ்
கோட்லாந்துக்கு அப்பால் சரக்குக் கப்பலில்.
'ஒன்றும் ஆகாது அண்ணி' என்று சொன்னவன்.
செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்.

ஊதுகிற சங்கை ஊதுவோம் என்று
டெர்மினலைத் திறந்தேன்.
மிக்ஸரில் எல்லாத் தூணிலும் எம் எம் என்று இருந்தது;
ஊமை என்பதற்கு அது போட்டிருக்கும் முத்திரை.
ஒவ்வொன்றாக வாயைத் திறந்துவிட்டேன்.
பேசவில்லை.
பைப்வயரை நிறுத்தி எழுப்பினேன்.
எழுந்தது, நன்றாகத் தூங்கிய முகத்தோடு.
ஒலி அட்டைகளைக் காட்டு என்றேன்.
ஒலி அட்டைகள் ஏதும் இல்லை என்றது.

எப்படி இல்லாமல் போகும்?
திருகாணியைக்கூட நான் தொடவில்லையே.
நேற்று மாலை இதே மூலையிலிருந்து
வானிலை சொன்னாளே ஒருத்தி.

பதிவேட்டில் சிவப்பில் ஒரு வரி கிடைத்தது:
புதிய கர்னல் எதையோ தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை,
தேடுவதை விட்டுவிட்டிருக்கிறது.
அவ்வளவுதான் கதை.
அட்டை அங்கேயேதான் இருக்கிறது,
புதிதாக வந்த மேனேஜருக்குப்
பழைய ஆளின் பெயர் தெரியவில்லை.

மணி இரண்டே முக்கால்.
ரீபூட். எஸ்கேப் விசையை அழுத்தி அழுத்தி
கறுப்புத் திரையில் மேம்பட்ட விருப்பங்கள்,
அதற்குள் போன மாதத்துக் கர்னல்
யாரும் அழிக்காமல் விட்டுவைத்தபடியே இருந்தது.
அதன்மேல் நின்று என்டர்.

ஸ்பீக்கரின் பெயர் திரும்பி வந்திருந்தது,
முழுப் பெயர், கம்பெனியோடு.
கோப்பை ஓடவிட்டேன்.
சத்தம் இல்லை.
ஒலியைக் கூட்டினேன். இல்லை.
இன்னும் கூட்டினேன்,
நூறைத் தாண்டிச் சிவப்புக்குள்,
மேசையில் காதை வைத்தேன்.
ஏதோ இரைச்சல்; ஹீட்டரா, நீதிமன்றத்தின் ஹீட்டரா?
நீதிபதி அப்போதுதான் கேட்டிருக்கவேண்டும்,
சான்றைப் போடுங்கள் என்று.
எல்லோரும் காத்திருந்த மௌனத்தை
நான் பழுது என்று நினைத்துக்
கடைசிவரை திருகி வைத்திருந்தேன்.

குரைத்தது.

அறை முழுக்க ஒரு நாய்.
தேக்கரண்டி தட்டில் குதித்தது.
நான் எழுந்து நின்றுவிட்டேன், இரண்டு கையும் காதில்,
அழுதேனா சிரித்தேனா சொல்லத் தெரியவில்லை.
நாய் ஏழு முறை குரைத்தது. எண்ணினேன்,
எண்ணுவதற்குத்தான் சம்பளம்.

அப்புறம் சுவரில் இடி:
பக்கத்துக் குடியிருப்பு ஹெர்பெர்த்ஸ்,
முஷ்டியால், மூன்று தரம்.

ஸ்பீக்கர் சோதனையில் ஒரு பெண்குரல் வருமே,
முன் இடது, முன் வலது என்று,
மாலையிலிருந்து அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
முன் இடது.
மிகத் தெளிவாக.

ஒலியைக் குறைத்து உட்கார்ந்தேன்.
நான்கு மணி நேரப் பதிவு, ஆறு மணி நேர இரவு.
தட்டச்சு செய்த முதல் வரி:
நாய். ஏழு முறை.
வாதி: கேட்டீர்களா, ஐயா?